சீனத்தின் பழைய நூல்களைத் தமிழர் எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

சிங்கப்பூரில் அடுத்த வீட்டுச் சீனக் குடும்பத்தோடு ஆண்டுக்கணக்கில் கதவுக்குக் கதவு வாழ்கிறோம். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொள்கிறோம், தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கிறோம். அந்த வீட்டு மொழியில் 2,500 ஆண்டுகளுக்கு முன் என்னென்ன எழுதப்பட்டன என்று யாராவது கேட்டால் மட்டும் கன்பூசியஸ் என்ற ஒற்றைப் பெயரோடு நின்றுவிடுகிறோம். சங்க இலக்கியத்தை ருசித்தவர்களுக்கு இது பெரிய இழப்பு.

நான் செசில் ஸ்திரீட்டில் கப்பல் சரக்கு ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவள். பல்கலைக்கழக ஆய்வாளர் இல்லை. சனிக்கிழமை காலைகளில் தோ பாயோவில் ஒரு சமூக மன்றத்து அறையில் சிலர் கூடிப் பழைய சீன நூல்களைப் படிக்கிறோம். தாதி ஒருவர், ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர், தமிழாசிரியர் இருவர், என் அடுத்த வீட்டுச் சீன மூதாட்டி என்று கலந்த கூட்டம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்: சீனம் தெரியாமல் படிக்க முடியுமா, எந்த நூலை முதலில் எடுப்பது, எந்த மொழிபெயர்ப்பு நல்லது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்புக்கு வேண்டிய பயிற்சியில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. குறளைப் பரிமேலழகர் உரையோடு படித்து, மணக்குடவர் அதே குறளுக்கு வேறு பொருள் சொல்வதைக் கண்டவர்களுக்கு, மூலமும் உரையும் சேர்ந்ததே நூல் என்பது தெரியும். குறுந்தொகையைத் திறந்ததும் ‘இது யார் கூற்று, யாரிடம் சொன்னது’ என்று பார்க்கப் பழகியவர்களுக்குப் பழம்பாட்டை எப்படி அணுகுவது என்பது தெரியும். சீனத்தின் பழைய நூல்கள் இந்த இரண்டு பழக்கத்தையும் கேட்கின்றன. பொன்மொழித் தொகுப்புகளை வாங்கிப் படிப்பவர்கள் இரண்டையும் இழந்துவிடுகிறார்கள். யார் சொன்னது, எப்போது, யாரிடம் என்பதெல்லாம் உதிர்ந்துபோன வரிகள்தாம் அவற்றில் இருக்கும். அவற்றைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் ஒரு காதல் பாட்டு

பலரும் கன்பூசியஸில் தொடங்குகிறார்கள். நான் ‘ஷிஜிங்’ என்னும் பாடல் தொகையில் தொடங்கச் சொல்வேன். 305 பாடல்கள், ஏறத்தாழ கி.மு. 1000க்கும் 600க்கும் இடைப்பட்டவை. கன்பூசியஸே இதைத் தொகுத்தார் என்பது மரபு. அவர் தொகுத்தாரோ இல்லையோ, தம் மாணவர்களிடம் இந்தப் பாடல்களைப் படியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆகவே அவருக்கு முன் இதைப் படிப்பதே முறை. இதில் முதல் 160 பாடல்கள் 15 வட்டாரங்களின் பாட்டுகள். அரண்மனைப் பாடல்களையும் வழிபாட்டுப் பாடல்களையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். இந்த 160 போதும், ஓர் ஆண்டுக்கு வரும். தமிழருக்கு ஒரு நல்வாய்ப்பும் உண்டு: பயணி என்ற பெயரில் எழுதும் ஸ்ரீதரன் மதுசூதனன் சீன மூலத்திலிருந்தே நேராக இதன் பாடல்களைத் தேர்ந்து தமிழில் தந்திருக்கிறார். அதைக் ‘கவித்தொகை’ என்று தேடுங்கள்.

76ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் பேசுகிறாள். ஜோங் என்பவனிடம் கெஞ்சுகிறாள்: எங்கள் தெருவுக்குள் தாண்டி வராதே, நாங்கள் நட்ட மரத்தின் கிளையை ஒடித்துவிடாதே. மரத்துக்காகவா சொல்கிறேன்? அப்பா அம்மாவுக்குப் பயந்துதான். உன் நினைவும் விடவில்லை, அவர்கள் சொல்லுக்கான அச்சமும் விடவில்லை. அடுத்த பத்தியில் இதே பேச்சு. தெருவுக்குப் பதில் மதில், அங்கே முசுக்கொட்டை மரம், இப்போது அச்சம் அண்ணன்மாரிடம். மூன்றாவதில் தோட்டம், அச்சம் ஊராரின் வாய்க்கு.

இரண்டு முறை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். தெரு, மதில், தோட்டம் என்று அவன் உள்ளே உள்ளே வந்துகொண்டிருக்கிறான். பெற்றோர், அண்ணன்மார், ஊர் என்று அவள் அச்சமோ வெளியே வெளியே விரிகிறது. அவள் ‘வராதே’ என்று சொல்லச் சொல்ல அவன் நெருங்கிவிட்டான். பாட்டில் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எங்கள் தமிழாசிரியர் ஒருவர் இதைக் கேட்டதும் ‘அலர்!’ என்று சத்தமாகவே சொன்னார். ஊர்வாய்க்கு அஞ்சும் தலைவி, இரவில் வந்து நிற்கும் தலைவன், காவலுள்ள வீடு. நாம் அறிந்த உலகம்.

இங்கேயே நின்றுவிட்டால் பாதிப் படிப்புதான் ஆகும். ‘நம்முடையது போலவே இருக்கிறதே’ என்ற மகிழ்ச்சிக்குப் பிறகு உரையைத் திறக்க வேண்டும். ஹான் காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) நிலைபெற்ற ‘மாவ்’ உரைமரபு இது காதல் பாட்டே இல்லை என்கிறது. ஜெங் நாட்டுக் கோமான் ஜுவாங் தன் தாயையும் தம்பியையும் அடக்கத் தவறினான். ஜாய் ஜோங் என்ற அமைச்சர் எச்சரித்தும் கேட்கவில்லை. கடைசியில் அது பெருங்குழப்பத்தில் முடிந்தது. அவனைக் குத்திக்காட்டும் பாட்டு இது என்பது அந்த உரை. பாட்டில் வரும் ஜோங் அந்த அமைச்சர்தானாம். பல நூற்றாண்டு கழித்து, சோங் காலத்து அறிஞர் ஜு ஷி (1130–1200) இந்த விளக்கத்தை ஏற்காமல், இது ஒழுக்கம் தவறிய காதலரின் பேச்சு என்று எழுதினார். காதல் பாட்டு என்று ஒப்புக்கொண்டார், ஆனால் அந்தக் காதலை ஏற்கவில்லை.

இந்த இடத்தில்தான் இரண்டு மரபுகளும் பிரிகின்றன. தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு ‘சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்’ என்று வரம்பு கட்டியது. பெயர் வந்தால் அது அகம் இல்லை. சீன உரையாசிரியர்களோ பெயரில்லாத பாட்டிலும் வரலாற்றில் வாழ்ந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்து வைத்தார்கள். பாட்டு என்றால் அது ஆட்சியைப் பற்றி ஏதோ சொல்லியாக வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. இந்த எதிர்பார்ப்பைப் புரிந்துகொண்டவருக்குப் பிற்காலச் சீன இலக்கியம் முழுவதும் திறந்துகொள்ளும். அதனால்தான் 76ஆம் பாடலை நான் முதலில் வைக்கிறேன்.

இப்படியே ஒவ்வொரு பாட்டுக்கும் செய்யுங்கள். ஒரு நோட்டில் பாட்டின் எண்ணை எழுதி, யார் பேசுகிறார், யாரிடம், என்ன மரம் அல்லது பறவை வருகிறது, எந்தப் பொழுது என்று குறியுங்கள். உரையைத் திறக்கும் முன்பே குறித்துவிட வேண்டும். பிறகு உரை சொல்வதை வேறு மையில் எழுதுங்கள். 76க்கு அடுத்து 66. கோழிகள் மதில் பொந்தில் அடைகின்றன, பொழுது சாய்கிறது, ஆடும் மாடும் மேட்டிலிருந்து இறங்கி வருகின்றன, அரசன் பணிக்குப் போன கணவன் வரவில்லை. முல்லைத்திணைக்காரர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் தொகையின் முதல் பாட்டுக்கு வாருங்கள். ஆற்றுத் திட்டில் பறவைகள் ஒன்றையொன்று அழைப்பதோடு தொடங்கும்.

காலமும் பெயரும்

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்: ஷாங், ஏறத்தாழ கி.மு. 1046 வரை. மேற்கு ஜோ, 771 வரை. பிறகு ‘வசந்தமும் இலையுதிரும்’ என்று பெயர்பெற்ற காலம். கி.மு. 475 முதல் 221 வரை போரிடும் நாடுகளின் காலம். 221இல் சின் பேரரசு. பதினைந்தே ஆண்டில் சாய்ந்தது. பிறகு கி.பி. 220 வரை ஹான். கன்பூசியஸ் (கி.மு. 551–479) ‘வசந்தமும் இலையுதிரும்’ காலத்தின் கடைசியில் வாழ்ந்தவர். மென்சியஸ், சுவாங்ட்சு, ஷுன்சி, ஹான் ஃபெய் என்னும் சிந்தனையாளர்கள் எல்லாரும் போரிடும் நாடுகளின் காலத்தவர்கள். நாடுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த நாளில்தான் இவ்வளவு சிந்தனையும் பிறந்தது என்பதை மறக்கவே கூடாது. ‘மக்களை எப்படி ஆள்வது, எப்படி உயிரோடு இருப்பது’ என்ற கேள்விகள் அவர்களுக்கு ஏட்டுக் கேள்விகளாக இருக்கவில்லை.

பெயர்கள் ஆளுக்கு ஒரு விதமாக எழுதப்பட்டிருக்கும். லாவோட்சு, லாவோசி, லாவ் சு மூன்றும் ஒருவரே. பழைய ஆங்கில நூல்கள் ஒரு முறையிலும் புதியவை பின்யின் என்னும் இன்றைய ரோமன் எழுத்து முறையிலும் எழுதுவதால் வரும் குழப்பம் அது. ‘ஷிஜிங்’ பாடல் தொகை, ‘ஷிஜி’ வரலாற்று நூல். நூலகத்தில் இந்த இரண்டையும் மாற்றி எடுத்துவராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழுவம் எரிந்த கதை

இப்போது கன்பூசியஸுக்கு வரலாம். அவர் மாணவர்கள் வழியே நமக்குக் கிடைத்த உரையாடல் தொகுப்பு ‘லுன்யூ’. 20 பகுதிகள், சுமார் 500 சிறு பத்திகள். வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், ஒன்றும் நிற்காது. நாங்கள் ஒரு நாளைக்கு ஒரே பத்தி, சில நாளில் ஒரே வரி.

பத்தாம் பகுதியில் ஒரு பத்தி. குதிரைத் தொழுவம் எரிந்துவிட்டது. அரசவையிலிருந்து திரும்பிய ஆசான் ‘யாருக்காவது காயமா?’ என்றார். குதிரைகளைப் பற்றிக் கேட்கவில்லை. அவ்வளவுதான். சீனத்தில் பன்னிரண்டே எழுத்துகள்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ஜெங் ஷுவான் இதற்கு, மனிதரை மேலாகவும் விலங்கைக் கீழாகவும் வைத்தார் என்று பொருள் எழுதினார். ஜு ஷி கொஞ்சம் இறங்கி வந்து, குதிரைமேல் அன்பில்லாமல் இல்லை, மனிதருக்கு என்ன ஆனதோ என்ற கவலை மிகுந்திருந்ததால் அதைக் கேட்க இடமில்லாமல் போயிற்று என்றார். மூன்றாவது ஒரு வாசிப்பும் உண்டு. பழைய சீன ஏடுகளில் நிறுத்தக்குறி கிடையாது. ‘இல்லை’ என்னும் எழுத்தை முன் வாக்கியத்தோடு சேர்த்தால் ‘மனிதருக்குக் காயமா, இல்லையா?’ என்று கேட்டு, அடுத்துக் குதிரைகளைப் பற்றியும் கேட்டார் என்று பொருள் வந்துவிடும். எந்த எழுத்தும் மாறவில்லை, பிரித்த இடம்தான் மாறியது. பதம் பிரித்துப் படிக்கும் தமிழருக்கு இதைப் புரியவைக்க நேரமே ஆகாது.

எங்கள் அறையில் இந்தப் பத்தி ஒரு காலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் குதிரை எவ்வளவு விலைமதிப்புள்ளது, தொழுவத்தில் வேலை செய்தவர்கள் யார் என்று பொறியாளர் கேட்டார். எஜமான் உடைமையைப் பற்றிக் கேட்காமல் வேலையாட்களைப் பற்றிக் கேட்டதுதான் சேதி என்று தாதி சொன்னார். அவசரப் பிரிவில் இருப்பவர் அவர், முதல் கேள்வி என்னவாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். உரைகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதால் பேச்சு கண்டபடி ஓடவில்லை. நல்ல வாசிப்பு என்று நான் நினைப்பது இதைத்தான்.

மொழிபெயர்ப்புகளில், இரண்டையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லெக் செய்தது பழைய நடை. ஆனால் சீன உரைகளை விடாமல் குறிப்பில் தருவார். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மலாக்காவில் தொடங்கி ஹாங்காங்கில் உழைத்து, 1876இல் ஆக்ஸ்ஃபோர்டின் முதல் சீனமொழிப் பேராசிரியர் ஆனவர் அவர். டி. சி. லாவ் செய்தது தெளிவான நடை. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் கடந்து செல்லலாம், முரண்படும் இடத்தில் நில்லுங்கள். அங்கேதான் மூலத்தில் ஏதோ இருக்கிறது. பத்தி எண்கள் நூலுக்கு நூல் மாறும். தொழுவக் கதை லெக்கிடம் பத்தாம் பகுதியில் 12, லாவிடம் 17. எண்ணை நம்பாமல் முதல் வரியைக் கொண்டு தேடுங்கள்.

எழுத்தும் ஒலியும்

சீனம் தெரியாமல் எவ்வளவு தூரம் போகலாம்? வெகு தூரம் போகலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே எழுத்தைப் பார்க்க ஆசை வரும். வந்தால் அடக்க வேண்டாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த நூல்களின் மொழி இன்றைய மாண்டரின் இல்லை. ‘வென்யான்’ எனப்படும் செவ்வியல் நடை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு மாண்டரின் நன்றாக வருகிறதே, அவனைக் கேட்கலாமே என்று போனால் அவனும் திணறுவான். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதற்காகப் பதிற்றுப்பத்து புரிந்துவிடுகிறதா? ஆகவே அகராதியும் உரையும் அவனுக்கும் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். கைப்பேசியில் ‘பிளெக்கோ’ அகராதியை ஏற்றிக்கொள்ளுங்கள். மூலநூல்களுக்கு ‘சைனீஸ் டெக்ஸ்ட் புராஜெக்ட்’ என்ற இணையதளம் இருக்கிறது. பல நூல்களில் மூலத்துக்கு எதிரே லெக்கின் மொழிபெயர்ப்பு இருக்கும், எழுத்தைத் தொட்டால் பொருள் வரும்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் சுருக்க எழுத்து சொல்லித்தருகிறார்கள். பழைய கல்வெட்டும் கோயில் பலகையும் பழைய பதிப்புகளும் முழு எழுத்தில் இருக்கும். இரண்டும் வேண்டியிருக்கும் என்பதால், தொடக்கத்திலிருந்தே ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு வடிவத்திலும் எழுதிப் பழகுவது நல்லது. கையால் எழுதுங்கள். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் உள்ள சீனப் புத்தகக் கடைகளில் கட்டம் போட்ட பயிற்சி ஏடுகள் மலிவாகக் கிடைக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கான உரையுடன் கூடிய ‘லுன்யூ’ பதிப்புகளும் கிடைக்கும். வளர்ந்தவர்களுக்கும் அந்தப் பள்ளிப் பதிப்புகள்தாம் ஏற்றவை. ஒவ்வோர் எழுத்துக்கும் மேலே பின்யின் ஒலி அச்சிட்டிருக்கும்.

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒன்றை இப்போது சொல்கிறேன். மாண்டரினில் படித்தால் பழம்பாட்டின் ஓசை பல இடங்களில் தேய்ந்திருக்கும். பழஞ்சீனத்தில் சொல்லின் கடைசியில் வந்த ப், ட், க் ஒலிகள் மாண்டரினில் போய்விட்டன. ஹொக்கியன், காண்டனிஸ் என்னும் தென்சீன மொழிகளில் அவை இருக்கின்றன. ‘நாள்’ மாண்டரினில் ‘ரி’; ஹொக்கியனில் ‘ஜிட்’, காண்டனிஸில் ‘யாட்’. ‘ஆறு’ மாண்டரினில் ‘லியு’. ஹொக்கியனில் ‘லாக்’, காண்டனிஸில் ‘லுக்’. என் அடுத்த வீட்டு மூதாட்டி ஹொக்கியன்காரர். எழுத்தின் படிப்பொலியைத் தம் தந்தையிடம் கற்றவர். அவர் ஒரு பாட்டை வாய்விட்டுப் படிக்கும்போது அடியின் கடைசியில் ஒலி சட்டென்று அடைத்து நிற்பதைக் கேட்கலாம். அதே பாட்டை மாண்டரினில் கேட்டால் அது வழுக்கிக்கொண்டு போய்விடும். உங்கள் புளோக்கிலும் இப்படி ஒரு ஆன்ட்டியோ அங்கிளோ இருப்பார். தயங்காமல் கேளுங்கள். அந்தத் தலைமுறை இருக்கும்போதே கேட்க வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

சீமா சியெனின் 130 அத்தியாயங்கள்

வரலாற்றுக்கு ஒரே நூலைச் சொல் என்றால் ‘ஷிஜி’ என்பேன். ஹான் பேரரசர் வூவின் காலத்தில் சீமா சியென் எழுதியது. 130 அத்தியாயங்கள்: அரசர் வரலாறு 12, கால அட்டவணை 10, சடங்கு, இசை, நாள்காட்டி, நீர்வழி போன்றவை பற்றி 8, பெருங்குடிகள் 30, தனிமனிதர் வரலாறு 70. கடைசி 70தான் உயிர். அரசர்கள் மட்டும் இல்லை. கொலையாளிகள், வணிகர்கள், மருத்துவர்கள், குறிசொல்பவர்கள் எல்லாரும் வருகிறார்கள்.

நூலைத் திறக்கும் முன் எழுதியவரைத் தெரிந்துகொள்ளுங்கள். கி.மு. 99இல் லி லிங் என்ற தளபதி சியோங்னு என்னும் வடக்கு நாடோடிகளிடம் தோற்றுச் சரணடைந்தார். அவரை ஆதரித்து அவையில் பேசியவர் சீமா சியென். அதற்காகக் காயடிக்கும் தண்டனை கிடைத்தது. மானமுள்ளவர் அதை ஏற்காமல் உயிரை விட்டுவிடுவது அக்கால வழக்கம். அவர் விடவில்லை. ‘சீமா தான்’ என்ற பெயருடைய அவர் தந்தை தொடங்கிவைத்த நூல் பாதியில் நின்றது. அதை முடிப்பதற்காக அவமானத்தைத் தாங்கினார். ரென் ஆன் என்ற நண்பருக்கு அவர் எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார்: மனிதனுக்குச் சாவு ஒன்றுதான், அது ‘தாய்’ என்னும் பெயருடைய மலையைவிடக் கனமாகவும் இருக்கலாம், அன்னத்தின் இறகைவிட லேசாகவும் இருக்கலாம். இந்தக் கடிதத்தை முதலில் படியுங்கள். பிறகு நூலில் தோற்றவர்களையும் அவமானப்பட்டவர்களையும் அவர் ஏன் இவ்வளவு கவனமாக எழுதுகிறார் என்பது தானாகவே புரியும்.

முதல் அத்தியாயமாக 86ஐ எடுங்கள். கி.மு. 227இல் ஜிங் க என்பவன் சின் அரசனைக் கொல்லப் போகிறான். சுருட்டிய நிலப்படத்துக்குள் கத்தி. படம் விரிந்து முடியும் இடத்தில் கத்தி தெரிகிறது. அரசனின் சட்டைக்கையைப் பிடிக்கிறான், அது கிழிகிறது. அரசன் தூணைச் சுற்றி ஓடுகிறான். இடுப்பு வாள் நீளமானது, உருவ வரவில்லை. அவையில் யாரிடமும் ஆயுதம் இல்லை, சட்டப்படி கூடாது. மருத்துவர் ஒருவர் கையிலிருந்த மருந்துப் பையை வீசுகிறார். ‘வாளை முதுகுப் பக்கம் தள்ளுங்கள்!’ என்று கத்துகிறார்கள். பையை வீசிய மருத்துவரின் பெயரைக்கூட விடாமல் எழுதிவைத்த வரலாற்றாசிரியர் இவர். பர்ட்டன் வாட்சனின் மொழிபெயர்ப்பில் படித்தால் வேகம் குறையாது. அடுத்து 7 (சியாங் யூ), 129 (செல்வம் சேர்த்தவர்கள்), 47 (கன்பூசியஸ்).

லாவோட்சுவைக் கடைசியில் வைத்தது ஏன்

லாவோட்சுவின் பெயரில் வழங்கும் ‘தாவோ தே ஜிங்’கை எல்லாரும் படித்திருக்கிறார்கள், அல்லது படித்ததாக நினைக்கிறார்கள். 81 அத்தியாயங்கள், சுமார் 5,000 எழுத்துகள். சின்னதாக இருப்பதாலேயே ஆளுக்கு ஒரு பொருள் ஏற்றிவிடுகிறார்கள். மேலே சொன்ன போரிடும் நாடுகளின் சூழலை அறிந்தபின் படித்தால், அதில் பாதி அரசனுக்குச் சொல்லும் அறிவுரை என்பது தெரியவரும். 1973இல் ஹுனான் மாநிலத்தில் மாவாங்துய் கல்லறையிலிருந்து இரண்டு பட்டு ஏடுகள் கிடைத்தன. கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். அந்த ஏடுகளில் ‘தே’ பகுதி முன்னும் ‘தாவோ’ பகுதி பின்னுமாக இருக்கிறது. 1993இல் குவோதியனில் அதற்கும் முந்தைய மூங்கில் ஏடுகள் கிடைத்தன. எனவே முன்னுரையில் இந்த ஏடுகளைப் பற்றிப் பேசாத மொழிபெயர்ப்பைத் தவிர்க்கலாம். சி. மணியின் தமிழாக்கமும் உண்டு. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க உதவும். சுவாங்ட்சுவுக்கு முதல் 7 அத்தியாயங்கள் போதும். மூன்றாவதில், பத்தொன்பது ஆண்டாகத் தீட்டாத கத்தியால் மாடு அறுக்கும் சமையற்காரர் வருவார், அங்கிருந்து தொடங்குங்கள்.

தெலுக் ஆயரில் ஒரு மதிய நடை

புத்தகத்தோடு நின்றுவிடாமல் கால்களுக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள். என் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் தெலுக் ஆயர் ஸ்திரீட். நாகூர் தர்காவும் தியான் ஹோக் கெங் கோயிலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. தமிழ் முஸ்லிம்களும் ஹொக்கியன்காரர்களும் கடல் கடந்து வந்து இறங்கிய பழைய கரை அது. கோயிலை ஒட்டி ‘சொங் வென் ஜ’ என்ற மூன்றடுக்குக் கட்டடம். 1849இல் தொடங்கி 1852இல் முடிந்தது. எழுத்தைப் போற்றுவதற்கென்றே எழுப்பப்பட்டது. எழுத்துள்ள தாளைக் கண்ட இடத்தில் வீசாமல் மரியாதையோடு எரிப்பதற்கு அங்கே சிறு உலை இருந்தது. தாளில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதில் வியப்பு இருக்காது. பின்பக்கம் அமோய் ஸ்திரீட்டில் 1854இல் தொடங்கிய ‘சுய் எங்’ இலவசப் பள்ளியின் கட்டடம் இருக்கிறது. கன்பூசிய நூல்களை ஹொக்கியனில் சொல்லித்தந்த பள்ளி. நான் மேலே சொன்ன ஓசையில்தான் அந்தப் பிள்ளைகள் ‘லுன்யூ’வை ஒப்பித்திருப்பார்கள்.

பூன் கெங் ரயில் நிலையத்தில் இறங்கும்போதும் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1869இல் இங்கே பிறந்த மருத்துவர் லிம் பூன் கெங், போரிடும் நாடுகளின் காலத்துக் கவிஞர் சூ யுவானின் ‘லி சாவ்’ நெடும்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1929இல் வெளியிட்டார். தாகூர் அதற்கு முன்னுரை தந்தார். மிலுவோ ஆற்றில் மூழ்கி உயிர்விட்ட அந்தக் கவிஞரின் நினைவாகத்தான் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் படகுப் போட்டியும், காப்பிக்கடையில் தொங்கும் பாச்சாங் என்னும் இலையில் கட்டிய அரிசிப் பொட்டலங்களும். அந்த வாரத்தில் ‘லி சாவ்’ படிப்பது எங்கள் குழுவின் வழக்கம்.

லிம் பூன் கெங்கின் மொழிபெயர்ப்பு போன்ற பழைய நூல்களை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தில், 7ஆம் மாடியில் தொடங்கும் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் தேடலாம். அங்கே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது. இரவல் நூல்களுக்கு அதே கட்டடத்தின் கீழ்த்தளம்.

தமிழும் சீனமும் எப்போது சந்தித்தன என்ற கேள்வியும் வரும். ஹான் வரலாற்று நூலில் வரும் ‘ஹுவாங்ஜி’ காஞ்சியாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி சுவான்சாங் (யுவான் சுவாங்) காஞ்சியைப் பற்றி எழுதினார். சுவான்ஜோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இவை தனிப் படிப்புக்கு உரியவை. தொடக்கத்திலேயே இதற்குள் புகுந்தால் எது மூத்தது என்ற வாதத்தில் காலம் போய்விடும், நூல் திறக்கப்படாமலே இருக்கும்.

எங்கள் குழு அடுத்து மனித இயல்பு பற்றிய வாதத்தை எடுக்கிறது. ஒரு பக்கம் மென்சியஸின் ஆறாம் பகுதி, முதல் பாதி. மறுபக்கம் மனித இயல்பு தீயது என்று சொல்லும் ஷுன்சியின் 23ஆம் அத்தியாயம். வருகிறவர்கள் மென்சியஸில் எருது மலைப் பத்தியையாவது படித்துவிட்டு வாருங்கள். கோடரியும் மாடுகளும் மொட்டையாக்கிவிட்ட மலையைப் பார்த்து, இங்கே மரமே வளர்ந்ததில்லை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள் என்று சொல்லும் பத்தி அது. ஷுன்சி இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பார் என்று உங்கள் நோட்டில் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். உரையில்லாத பதிப்பு மட்டும் வேண்டாம்.